ஊக்கு இல்லாத மதுரை

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஓசைப்படாமல் வாங்க. இது 1820. கோட்டை மதில் இன்னும் இடிபடவில்லை. மீனாட்சிக்குத் தங்கப் பாதுகை கொடுத்து ‘பீட்டர் பாண்டியன்’ என்று பேர் வாங்கிய ரவுஸ் பீட்டர்தான் கலெக்டர். அவர் கிடக்கட்டும்! நமக்கு வேலை திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய சௌராஷ்டிரர் தெருவில்.

அதோ, சுங்குடிச் சேலை பிறக்கிற இடம். வெள்ளைப் பருத்தித் துணியை நகத்தால் துளி கிள்ளி, நூலைச் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சு. அடுத்து இன்னொன்று. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போகும். கை முடிச்சுப் போட, வாய் ஊர்வம்பு பேசுகிறது. ஒன்றுக்காக மற்றொன்று நிற்பதே இல்லை. பிறகு சாயம். சிவப்புக்கு வேர், நீலத்துக்கு அவுரி. வைகைத் தண்ணீரில் அலசினால்தான் நிறம் எடுப்பாக நிற்கும் என்று சத்தியம் செய்கிறார்கள். ராணி கலர் கேட்டுவிடாதீர்கள். லண்டனில் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்க இன்னும் 36 வருஷம் இருக்கிறது.

இப்போது பாருங்கள், எனக்குப் பிடித்த கட்டம்! காய்ந்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே இழுப்பு. நூலெல்லாம் படபடவென்று தெறிக்க, சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் கண் விழிக்கின்றன. கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

வெளியே, சித்திரைத் திருவிழாவுக்கு மேலூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த அக்காக்கள். ரவிக்கை கிடையாது, அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவும் இல்லை. பின்கொசுவம் வைத்த கட்டு. ஒரு ஊக்குகூட இல்லை. வால்டர் ஹன்ட் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1849-ல். ஆனாலும் கட்டு அசையவில்லை. நாமோ ஒரு கல்யாணத்துக்கு எட்டு ஊக்கு குத்துகிறோம்!

காதைப் பாருங்கள், தோளைத் தொடுகிறது. சின்ன வயதிலேயே குத்தி, ஓலைச்சுருள் செருகி, ஈயக் குணுக்கு மாட்டி வளர்த்த காது. அதில் ஆடுகிற பாம்படம் வெறும் தங்கத் தகடுதான், உள்ளே அரக்கு. கனமாகத் தெரிய வேண்டும், காசும் மிச்சமாக வேண்டும். கெட்டிக்காரிகள்!

சரி, நம் காலத்துக்குத் திரும்புவோம். சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கடைக்குப் போனால் புள்ளிமேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் கை முடிச்சு. வழுவழுவென்று இருந்தால் அச்சு. அடித்துப் பேரம் பேசுங்கள்.