தீயை அடக்க ஒரு சின்னத் தீ!

“காட்டுக்கு நாமளே தீ வைக்கிறதா? என்ன சார் விளையாட்டு?” என்று கேட்டார் ஆபீஸ் நண்பர்.

விளையாட்டில்லை. 2018 மார்ச் 11. குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல் பற்றியெரிந்து, மலையேறப் போனவர்களில் 23 பேர் பலி.

கர்நாடகத்து பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் கோடைக்கு முன்பே சருகைக் கொளுத்திவந்தார்கள். பேர் ‘தரகு பெங்கி’. அப்புறம் பெருந்தீக்குத் தீனி ஏது? தடை வந்தது, உண்ணிச்செடி மண்டிவிட்டது.

கலிபோர்னியாவின் ஹம்போல்ட்டில் 2018-லிருந்து நிலக்காரர்கள் சங்கம் சேர்ந்து, ஒருவர் நிலத்தில் மற்றவர் கைகொடுத்து எரிக்கிறார்கள்.

குரங்கணியிலும் எஸ்டேட்காரர், பட்டாதாரர், வனத்துறை மூவரும் தை மாதமே உட்கார்ந்து பேசினால் என்ன? சோலையைத் தொடாமல், புல்சரிவை மட்டும் எரிக்கலாம். நிலத்துக்குத்தான் வேலி, தீக்கு ஏது?

நீங்களாகத் தீப்பெட்டியோடு கிளம்பிடாதீங்க... உள்ளே போட்டுடுவாங்க!