இணைய இணைப்பு நின்றால் பழுது எங்கே?

சாலை, குடிநீர், மின்விளக்கு ஆகியவற்றோடு இணையமும் இன்று கிராம வாழ்வின் அவசியத் தேவைகளுள் ஒன்றாகிவிட்டது. சிட்டா நகல் பெறுவதும், கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், மின் கட்டணம் செலுத்துவதும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஏற்றது. 2015-இல் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. எனினும், இழை ஊருக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. பம்பு செட்டு வைத்த குடியானவர் அதன் சிறு பழுதுகளைத் தாமே அறிந்து கொண்டதைப் போல, இணைப்புப் பெற்ற குடும்பத்தாரும் அதன் பழுதுகளை அறிதல் வேண்டும்.

பயிர் வாடினால் உடனே ஏரி வற்றிவிட்டது என்று நாம் முடிவு கட்டுவதில்லை. மடை திறந்திருக்கிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, வரப்பில் நண்டு வளை உண்டா என்று வழிநெடுகப் பார்த்துச் செல்கிறோம். இணையப் பழுதையும் அவ்வாறே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது: மின்சாரம்

கருவியில் விளக்கே எரியவில்லையெனில் பழுது மின்சாரத்தில் உள்ளது. சுவிட்சு, பிளக்கு, அடாப்டர் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்க்கவும். அடாப்டரை மாற்ற நேர்ந்தால் பழைய அடாப்டரின் மேல் அச்சிட்ட வோல்ட்டு அளவும் ஆம்பியர் அளவும் பார்த்தே வாங்க வேண்டும். வோல்ட்டு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் குறைவாக இருத்தலாகாது. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களில் ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யு.பி.எஸ். பெரிதும் பயன்படும்.

இரண்டாவது: கண்ணாடி இழை

கருவியில் எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்களுக்கருகே சிவப்பு விளக்கு எரிந்தால், நிலையத்திலிருந்து வரும் ஒளி நம் வீட்டை எட்டவில்லை என்பது பொருள். பான் என்ற பச்சை விளக்கு அசையாது எரிந்தால் இழை நலமாக உள்ளது. அவ்விளக்கு ஓயாது மின்னிக்கொண்டேயிருப்பின், கருவி நிலையத்தோடு தொடர்பு கொள்ள முயன்று முடியாமல் நிற்கிறது.

இழையின் கண்ணாடி தலைமயிரளவே பருமனுள்ளது. அதைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே சிதறிவிடும். ஆணியில் சுற்றுவதும், கதவிடுக்கில் நசுக்குவதும், துணி உலர்த்தும் கொடியாக்குவதும் கூடாதன. எலி கடித்த இடமும் உண்டா எனப் பார்க்கவும். அறுந்த இழையை டேப்பு சுற்றி ஒட்டுவதால் பயனில்லை; அதற்குரிய பொறியால் உருக்கி இணைத்தல் வேண்டும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் ஆகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது.

ஒளியின் அளவை டி.பி.எம். என்ற கணக்கில் கூறுவர். இவ்வளவு மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் இணைப்புத் தள்ளாடும். 3 அலகு குறைந்தால் ஒளி பாதியாகக் குறைந்தது என்று பொருள். பழுது பார்க்க வருபவரிடம் இந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்தல் நலம்.

மூன்றாவது: கணக்கு

பான் விளக்கு சரியாக எரிந்தும் இணையம் வராவிடில், கட்டணத் தவணை முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்கவும். பிறகு கருவியை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து இயக்கி, ஐந்து நிமிடம் பொறுத்திருக்கவும். பல சிறு கோளாறுகள் இதனாலேயே நீங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கருவியின் பின்புறமுள்ள ரீசெட் துளையில் ஊசியால் குத்துவது, நிறுத்தி இயக்குவதற்கு ஒப்பானதன்று. பல கருவிகளில் அது பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய அமைப்புக்களை அடியோடு அழித்துவிடும். அவற்றை மீண்டும் பதிய ஆள் வரும்வரை காத்திருக்க நேரும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒரு குத்தினால் மாணவர் ஒருவரின் ஓராண்டுப் படிப்பே தவறக்கூடும். ஆகவே அத்துளையைத் தொடாதிருப்பதே நன்று.

நான்காவது: வீட்டினுள்ளே

ஒரு கைப்பேசியில் மட்டும் வரவில்லையெனில் பழுது அக்கைப்பேசியில். எல்லாவற்றிலும் வரவில்லையெனில் மேலே கூறியவற்றுள் ஒன்றில். ரூட்டரின் அருகே விரைவாகவும் அடுத்த அறையில் மெதுவாகவும் இருந்தால் குறை வைஃபையில் உள்ளது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் தடித்த சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் குறைந்தாலும் தொலைவு செல்லும். ரூட்டரை இரும்புப் பீரோவுக்குள்ளோ குளிர்பெட்டியின் பின்னாலோ மறைத்து வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைக்கவும்.

வேகம் குறைவு என்று புகார் செய்யுமுன் கணக்கையும் அறிதல் வேண்டும். 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட்டே, ஒரு பைட்டு எட்டுப் பிட்டுகளால் ஆனது.

புகார் செய்யும் முறை

இவ்வளவும் பார்த்தபின் புகார் செய்தால், "நெட் வரவில்லை" என்று மட்டும் கூற வேண்டியதில்லை. எந்நேரத்தில் நின்றது, எந்த விளக்கு எந்நிறத்தில் எரிகிறது, எத்தனை கருவிகளில் வரவில்லை என்று தெளிவாகக் கூறலாம். சிவப்பு விளக்கு என்று கூறினால் வருபவர் இழை இணைக்கும் பொறியோடு வருவார். ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். புகார் எண்ணைத் தவறாது பெற்றுக் கொள்ளவும். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு. அப்பொழுது அந்த எண்ணே சான்றாகும்.

ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுவிலும் இளைஞர் மன்றத்திலும் இவ்விவரங்களை அறிந்தோர் இருவரேனும் இருத்தல் நலம். விளக்குகளின் பொருளை ஓர் அட்டையில் எழுதி ஊராட்சி நூலகத்தில் தொங்கவிடலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பமே. வாய்க்காலைக் காக்கத் தெரிந்த நம் மக்களுக்கு இந்தக் கண்ணாடி வாய்க்காலைக் காப்பதும் கடினமன்று.