தலைக்கு மேல் நிற்கும் நட்டம்

கடைக்கு இரண்டு பூட்டுப் போடுகின்றோம். சரக்குக்குக் காப்புறுதி எடுக்கின்றோம். கடன் கொப்பியை இரவில் வீட்டுக்கே கொண்டு போகின்றோம். ஆனால் கடைக்குப் பின்னால் நிற்கும் மரத்தை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கின்றோம்? நானும் பார்த்ததில்லை. அதனால் பட்ட நட்டத்தையும் கற்ற பாடத்தையும் வர்த்தக சகோதரர்களோடு பகிர்ந்து கொள்கின்றேன்.

மாவனல்லைப் பக்கம் எனக்கு ஒரு சிறிய ஹாட்வெயார் கடை. பின்னால் சீமெந்தும் கூரைத் தகடும் வைக்கும் ஸ்டோர். அதற்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, எனது காணிக்குள், வாப்பா வைத்த பலாமரம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு பெய்த மழைக்குப் பிறகு, மரம் அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் காளான் பூத்து, ஒரு பக்கம் வேரோடு மண் கிளம்பி வெடித்திருந்தது. 2023 அக்டோபர் 6 ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தது நினைவுக்கு வந்தது. இருந்தும், ஸ்டொக் எடுத்து முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன்.

ஒருநாள் அடுத்த வீட்டுத் தங்கச்சி கடைக்கு வந்தார். "நாநா, காத்து அடிச்சா பிள்ளைகள முன் அறையில படுக்க வெக்கிறேன். எனக்குத் தூக்கமே இல்ல" என்றார். அதற்கு மேல் தாமதிக்க மனம் வரவில்லை.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். கிரேன் வைத்திருக்கும் கொழும்பு நிறுவனம் ஒன்று 180,000 ரூபா கேட்டது. ஊரில் மரம் வெட்டும் பாஸ் ஒருவர் 65,000 என்றார். மோட்டார் சைக்கிளில் வந்த இன்னொருவர், "35,000 தாங்க முதலாளி, மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், பெர்மிட் ஒன்றும் தேவையில்லை" என்றார். வியாபாரிக்குக் குறைந்த விலைதானே கண்ணில் படும்! அரைவாசிப் பணத்தை முற்பணமாகக் கொடுத்தேன்.

அவர் கயிறு கட்டாமலே முதல் கிளையை வெட்டினார். அது அடுத்த வீட்டுக் குசினிக் கூரையில் விழுந்து மூன்று சீட் உடைந்தது. நல்லவேளை, உள்ளே எவரும் இருக்கவில்லை. உணவு இடைவேளைக்கென்று போனவர் திரும்பி வரவே இல்லை. முற்பணமும் போயிற்று, கூரையையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

தலைகுனிந்து ஊர் பாஸிடம் போனேன். அவர் விலையை மாற்றவில்லை. மரத்தைச் சுற்றி வந்து, கத்தியின் பின்புறத்தால் அடியைத் தட்டிப் பார்த்து, "உள்ளே கோறை முதலாளி" என்றார். அடுத்த கேள்வி, "பெர்மிட் எடுத்தீங்களா?" என்பதுதான்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை நமது சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. காணி உறுதியின் பிரதியோடு கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தேன். வெட்டிய பலாவை லொறியில் ஏற்ற வேறாக ஒரு போக்குவரத்து அனுமதிப்பத்திரமும் வேண்டும். பாஸ் சொன்னபடி மின் அலுவலகத்துக்கும் அறிவித்து, கடைக்கு வரும் வயரைக் கழற்றுவித்தோம்.

வேலை இரண்டு நாள். அடுத்த வீட்டாரைப் பகலில் வெளியே இருக்கச் சொன்னோம். அடிமரத்தைத் தென்னையோடு இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் இறக்கி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அரிந்தார்கள். ஒரு ஓடுகூட அசையவில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். கோறை போன அடியைக் கழித்து, மீதி மரத்தை மரக்காலைக்கு 48,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். ஆக, பாஸின் கூலியில் என் கையிலிருந்து போனது 17,000 மாத்திரமே. மலிவு என்று நான் நம்பிய மனிதரோ, 35,000 ரூபாவையும் வாங்கி, மரத்தையும் கொண்டுபோக இருந்தார். எனவே கூலி பேசும்போது, மரம் யாருக்கு, குப்பையை அகற்றுவது யார், பக்கத்துக்குச் சேதமானால் யார் பொறுப்பு என்பவற்றையும் சேர்த்துப் பேசி, ஒரு துண்டில் எழுதிக் கொள்ளுங்கள். வேலை முடியும்வரை பெருந்தொகை கொடுக்காதீர்கள். அந்த ஊரிலேயே அவர் முன்பு வெட்டிய ஓரிடத்தை விசாரியுங்கள். ஊர்க்காரர் நாளையும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். அதுவே பெரிய உத்தரவாதம்.

இன்னொன்று. கயிற்றில் தொங்குபவரின் கூலியில் பேரம் பேசி ஐயாயிரத்தைக் குறைப்பது இலாபமல்ல. அவர் கயிற்றில் குறைத்தால் விழுவது ஒரு மனிதர்.

மரம் போன அன்றிரவு பலத்த காற்று. மறுநாள் காலை தங்கச்சி மதிலுக்கு அப்பால் நின்று, "ராவு பிள்ளைகள் அவங்கட அறையிலேயே படுத்தாங்க நாநா" என்றார். அந்த வரவு என் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அதை ஒரு வருடம் முன்பே பெற்றிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.