வேலியோரத் தும்பை

திருவிழாக் காலத்தில் மலர்க்கடையில் விலை கேட்டு மனஞ்சோர்ந்து, வெறுங்கையோடு சந்நிதியில் கூசி நிற்பாரை நாம் காண்கின்றோம். அவர் பொருட்டே ஈண்டுத் தும்பையின் பெருமையைச் சொல்லப் புகுந்தோம்.

ஒருவரும் விதையாமல் வேலியோரத்திலும் வயல் வரப்பிலும் தானே முளைப்பது தும்பை. சொரசொரப்பான இலை, கணுதோறும் கொத்தாகச் சின்னஞ்சிறு வெண்மலர். தூய வேட்டியைக் கண்டால் 'தும்பைப்பூப் போல' என்பதன்றி வேறு உவமை நம் பாட்டிமார் அறியார். வடமொழியாளர் இதனைத் துரோணபுஷ்பம் என்பர். கொன்றையும் எருக்கும் ஊமத்தமும் சூடிய பெருமான் இதனையும் சூடியதைத் தேவாரம் பாடுகின்றது.

பண்டைத் தமிழர்க்கு இது போர்ப்பூவும் ஆகும். தொல்காப்பியர் தும்பையை நெய்தலுக்குப் புறனாக வைத்தார். வெட்சியார் ஆநிரை வேண்டினர். வஞ்சியார் மண் வேண்டினர். உழிஞையார் அரண் வேண்டினர். தும்பையாரோ தம் வீரமே பொருளாகக் களம் புகுந்தனர். ஒன்றையும் வேண்டாது உயிரை வைத்தவர் சூடிய இப்பூ, ஒன்றையும் வேண்டாது தொழுவார் கைக்கு மிகப் பொருந்தும் என்பது நம் துணிபு.

இன்னுமொரு புதுமை. பெருமாளுக்குரிய துளசியும் நம் தும்பையும் ஒரே குடும்பத்தன என்பர் தாவர நூலார். கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் இவ்விரண்டையும் அடுத்தடுத்தே வைத்தார். சமயப் பூசலிடுவார் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக!

நீர்க்கோவைக்கும் தலைபாரத்துக்கும் தும்பையிலையைக் கொதிநீரிலிட்டு ஆவி பிடிப்பது வீட்டு வைத்தியம். உலர்ந்த செடியைப் புகைத்துக் கொசுவை ஓட்டுவதும் உண்டு. பாம்புக்கடிக்கு இதன் சாற்றைப் புகட்டும் வழக்கமும் சிற்றூர்களில் இருந்து வருகின்றது. இதனை மட்டும் நாம் உறுதியாக விலக்குகின்றோம். சாறு பிழியும் நேரத்தில் நஞ்சு உடலிற் பரவும், உயிர் போகும். பாம்பு தீண்டினாரை நடக்கவிடாது, நஞ்சுமுறி ஊசியுள்ள மருத்துவமனைக்கு உடனே சேர்ப்பிக்க வேண்டும். பூவைப் பூசைக்கு வைத்துக்கொள்க.

இந்நாளில் களைக்கொல்லி தெளிப்பதால் வரப்புகளில் தும்பை அருகி வருகின்றது. கிணற்றடியில் ஒரு முழ நிலம் ஒழித்துவிட்டால் போதும். ஒரு மழைக்குப் பின் விதை தானே உதிர்ந்து முளைக்கும். காலையில் நீராடியபின் பூவை மெல்லப் பற்றி இழுத்தால் காம்பின்றிக் கையோடு வரும். ஒரு தொன்னை நிறையக் கால்நாழிகை பிடிக்கும். அதுவரை திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டே பறிக்கலாம்.