வாட்ச்மேனை கட்டிப்போடும் கம்ப்யூட்டர் திருடன்!
"ஆன்டி வைரஸ்" ஓடாவிட்டால் உஷார்! வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

தர்மபுரி:

கம்ப்யூட்டர் ஓடுகிறது. பாட்டு பாடுகிறது. படம் காட்டுகிறது. ஆனால், காவலுக்கு வைத்த "ஆன்டி வைரஸ்" மட்டும் அசைய மறுக்கிறது. தட்டினால் திறப்பதில்லை. திறந்தாலும் மறு விநாடியே மூடிக்கொள்கிறது.

"அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மத்ததெல்லாம் ஓடுதே!" என்று பலர் அப்படியே விட்டு விடுகிறார்கள். ஆபத்தே அங்குதான் இருக்கிறது!

திருட வருகிறவன் முதலில் என்ன செய்வான்? வாட்ச்மேனை கட்டிப்போடுவான். பிறகுதான் பீரோவில் கை வைப்பான். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

உலகை கலக்கிய கில்லாடி

இந்த வித்தையில் பலே கில்லாடி "கான்பிக்கர்" என்ற வைரஸ். 2008 நவம்பரில் தலைகாட்டியது. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் புகுந்தது.

உள்ளே நுழைந்ததும் அது செய்த முதல் வேலை, விண்டோசின் பாதுகாப்பு பிரிவை நிறுத்தியதுதான். "அப்டேட்" வரும் வழியையும் அடைத்தது. ஆன்டி வைரஸ் கம்பெனிகளின் இணையதளங்களை திறக்க விடாமல் தடுத்தது. மற்ற தளங்கள் எல்லாம் ஜோராக திறக்கும். மருந்து விற்கும் கடைக்கு மட்டும் பூட்டு!

2009 ஜனவரியில் பிரெஞ்சு கடற்படையின் போர் விமானங்கள் சில, இதனால் பறக்க முடியாமல் நின்றன. கான்பிக்கரை ஏவியவர்களை பிடித்துக் கொடுத்தால் 2½ லட்சம் டாலர் பரிசு என்று 2009 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் ரூ.1 கோடியே 20 லட்சம்.

வேடிக்கை என்ன தெரியுமா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை, 2008 அக்டோபர் 23-ந் தேதியே மைக்ரோசாப்ட் கொடுத்து விட்டது. "அப்டேட்தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பென் டிரைவில் சவாரி

தர்மபுரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவ, மாணவிகளுக்கு இலவச லேப்டாப் வழங்க தொடங்கியது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று பல ஊர்களில், வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். அக்காள் படித்த லேப்டாப் தங்கை கைக்கு போகும். அவளுக்கு பிறகு கடை கணக்குக்கு போகும்.

இந்த பழைய லேப்டாப்புகளுக்கு எமன், பென் டிரைவ். விண்ணப்பத்தை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கு போகிறது. பத்து பேருடைய பென் டிரைவ் செருகிய கம்ப்யூட்டரில் இதையும் செருகுகிறார்கள். திரும்பி வரும்போது போல்டர்கள் எல்லாம் "ஷார்ட்கட்" ஆகி இருக்கும். அதுதான் முதல் அறிகுறி.

இன்னொரு வழி, "கிராக்" எனப்படும் திருட்டு சாப்ட்வேர். "இதை போடும் முன் ஆன்டி வைரசை நிறுத்தி வையுங்கள்" என்று அதிலேயே எழுதி இருக்கும். நாயை கட்டிப்போடுங்கள், நான் உள்ளே வருகிறேன் என்று திருடனே சொல்வது போல! அதை நம்பி நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் வைரஸ் அல்ல

அதற்காக பதற வேண்டியதில்லை. காவல்காரன் படுத்துவிட சாதாரண காரணங்களும் உண்டு. வரிசையாக பார்க்க வேண்டியவை வருமாறு:-

* தேதி: கம்ப்யூட்டரில் தேதி சரியா? உள்ளே இருக்கும் சிறிய பொத்தான் பேட்டரி தீர்ந்து போனால், பவர் கட் ஆகும் போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். "லைசென்ஸ் செல்லாது" என்று ஆன்டி வைரஸ் அடம் பிடிக்கும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

* இரண்டு காவலர்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டி வைரஸ் போட்டால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். ஒன்றை எடுத்து விட வேண்டும். எடுத்தும் மிச்சம் மீதி தங்கினால், அந்த கம்பெனியே தரும் நீக்கும் கருவியை பயன்படுத்தலாம். பிறகு கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்து போடவும்.

* கெடு: ஓசி காலம் முடிந்து விட்டதா என்று பார்க்கவும். வேறு ஆன்டி வைரஸ் வந்தால் விண்டோசின் சொந்த "டிபெண்டர்" ஒதுங்கி விடும். வந்தது காலாவதி ஆனபின் டிபெண்டரும் திரும்பாவிட்டால், வீட்டுக்கு காவலே இல்லை. காலாவதியானதை நீக்கிவிட்டு டிபெண்டரை இயக்குங்கள்.

* வயது: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ந் தேதியுடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியுடனும் வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய விண்டோசில் புது ஆன்டி வைரஸ் ஏறாமல் போகலாம்.

* இடம்: "சி" டிரைவ் நிரம்பி வழிந்தால் அப்டேட் இறங்காது. தேவையில்லாததை அழிக்கவும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஓடவில்லையா? ஆன்டி வைரஸ் கம்பெனிகளின் தளம் மட்டும் திறக்கவில்லையா? அப்படியானால் உள்ளே திருடன் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பது எப்படி?

முதலில் இன்டர்நெட்டை துண்டிக்கவும். போட்டோ, சான்றிதழ், கணக்கு பைல்களை மட்டும் நகல் எடுக்கவும். அந்த கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கை திறக்கவே கூடாது. பாஸ்வேர்டை வேறு போனில் இருந்து மாற்றவும்.

விண்டோஸ் 10, 11-ல் டிபெண்டருக்குள் "ஆப்லைன் ஸ்கேன்" என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, விண்டோஸ் விழிக்கும் முன்பே சோதனை நடக்கும். தூங்கும் திருடனை பாயோடு சுருட்டுவது போல! சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு வைப்பது நல்லது.

மத்திய அரசின் "சைபர் ஸ்வச்சதா கேந்திரா" 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வைரஸ் நீக்கும் கருவிகளை அதன் தளத்தில் இலவசமாக பெறலாம். வேறு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி எடுத்து வரவும்.

போனில் வரும் போலி டாக்டர்

"உங்கள் ஆன்டி வைரஸ் செத்து விட்டது. உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னுகிறதா? சைரன் ஊதுகிறதா? அது மோசடி! போன் செய்தால், "ரிப்பேர் செய்து தருகிறேன் சார்" என்று கம்ப்யூட்டரையே தன் கைக்கு வாங்கிக்கொள்வான். அடுத்து பேங்க் பணம்தான். எந்த கம்பெனியும் இப்படி கூப்பிடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யவும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு. மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

இன்று இரவு வீட்டுக்கு போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரை போட்டு, காவல்காரன் விழித்திருக்கிறானா என்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்!