பாட்டும் ஒரு தொழில்தான்

இடம்பெயரும்போது காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. நீரிறைக்கும் இயந்திரமும் மாடு கன்றுகளும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. ஆனால் கைத்தொழில் தெரிந்தவருடன் அவரது தொழிலும் கூடவே வந்துவிடுகிறது. மேசனுக்கும் தச்சனுக்கும் இது பொருந்தும் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். தவில் அடிப்பவருக்கும், கூத்துப் பாடுபவருக்கும், ஓகன் வாசிக்கும் இளைஞருக்கும் பொருந்துமா என்று கேட்டால், "பாட்டு சோறு போடுமா?" என்று பலர் திருப்பிக் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேட, நிலம் இழந்த கமக்காரர் மத்தியில் பாடிப் பிழைத்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே பார்ப்போம்.

தூசி விரட்டிய மக்கள்

வூடி குத்ரி 1912 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்தார். இளம் வயதில் ரெக்சாஸ் மாநிலத்துப் பம்பா என்ற ஊருக்குச் சென்றார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். ஊர் நடனங்களில் கிற்றார் வாசித்தார்.

அந்தச் சமவெளியின் புல்தரையை உழுது கோதுமை விதைத்திருந்தார்கள். 1930 களில் மழை பொய்த்தபோது, புல்வேரின் பிடிப்பை இழந்த மேல்மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 ஆம் திகதி வீசிய தூசிப்புயல் பகலை இருட்டாக்கியது. வரட்சியும் கடனும் வேலையின்மையும் சேர்ந்து பெருந்தொகையான குடும்பங்களைக் கலிபோர்னியாவை நோக்கி விரட்டின.

அங்கே அவர்களுக்கு வரவேற்பு இருக்கவில்லை. 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசார் மாநில எல்லையிலேயே காவல் நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினர். வந்து சேர்ந்தவர்களை 'ஓக்கி' என்று இழித்துரைத்தனர். இந்த மக்களின் வழியாகவே குத்ரியும் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார்.

கேட்பவர்களைத் தேடிக்கொண்டார்

அவரை முன்னுக்குக் கொண்டுவர எந்தக் கம்பனியும் இருக்கவில்லை. 1937 இல் கே.எவ்.வி.டி. என்ற வானொலி நிலையத்தில், முதலில் உறவினரான ஜக் குத்ரியுடனும், பின்னர் மக்சின் கிறிஸ்மன் என்ற பெண்ணுடனும் பாடினார். அவர்கள் பாடியவை ஊரில் பாடிய பழைய பாட்டுக்கள், பேசியது ஊர்ப்பேச்சு. தூர இடத்தில் பழம் பறித்துக் கூலி வாங்கிய மக்களுக்கு அது தமது வீட்டுக் குரலாகக் கேட்டது. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. பாட்டு வரிகளை விரும்பியவர்களுக்கு, ரோணியோவில் அச்சடித்த பாட்டுப் புத்தகத்தை அவர்கள் விற்றார்கள்.

குத்ரி வானொலியோடு நின்றுவிடவில்லை. தொழிலாளர் முகாம்களுக்கும் வேலைநிறுத்தக் கூட்டங்களுக்கும் நேரில் சென்று பாடினார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுக்கு, அவர்கள் படும் பாட்டைச் சொல்லும் புதிய வரிகளைக் கட்டினார். 1940 மார்ச்சில் நியூயோர்க்கில் பண்ணைத் தொழிலாளருக்கு உதவி திரட்டும் நிகழ்ச்சியொன்றில் பாடியபோது, நாட்டார் பாடல் சேகரிப்பாளர் அலன் லோமக்ஸ் அவரைக் கண்டுகொண்டார். அதே ஆண்டில் விக்டர் கம்பனி அவரது தூசிப்புயல் பாட்டுக்களை இசைத்தட்டாக வெளியிட்டது.

பெயர் வந்தது, பணம்?

அந்த இசைத்தட்டுக்கள் அதிகம் விற்கவில்லை. பின்பு ஒரு புகையிலைக் கம்பனியின் வானொலி நிகழ்ச்சியில் நல்ல சம்பளம் கிடைத்தது. இன்னதைத்தான் பாடலாம் என்ற கட்டுப்பாடு பிடிக்காமல் 1941 இன் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டுப் போனார். அப்போது அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். மே மாதத்தில், கொலம்பியா ஆற்று அணைக்கட்டுக்களைப் பற்றிப் பாட்டெழுத அரசாங்க மின்சாரத் திணைக்களம் ஒன்று அவரை ஒரு மாதத்துக்கு அமர்த்தியது. அந்த மாதத்தில் 26 பாட்டுக்கள் எழுதினார். சம்பளம் 266 டொலர் 66 சதம். சில ஆண்டுகளில் அந்தத் திருமணம் முறிந்தது. கலைஞரின் சுதந்திரத்துக்கு வீட்டிலுள்ளவர்களும் விலை கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறைக்கக்கூடாது.

பிற்காலத்தில், ஹன்ரிங்ரன் என்னும் பரம்பரை நோய் அவரது உடலை முடக்கியது. 1956 மார்ச் 17 ஆம் திகதி நண்பர்கள் நியூயோர்க்கில் இசைநிகழ்ச்சி நடத்தி, அவருடைய பிள்ளைகளுக்கென ஒரு நிதியத்துக்குப் பணம் சேர்த்தார்கள். 1967 இல் அவர் இறந்தார். அவரது பாட்டுக்கள் இன்றும் பாடப்படுகின்றன.

நாம் செய்யக்கூடியவை

1. மற்றத் தொழிலைக் கைவிட வேண்டாம். குத்ரிக்குத் தூரிகை கைகொடுத்தது. தோட்டமோ கூலிவேலையோ, பாட்டுக்கு அழைப்பில்லாத மாதங்களில் அடுப்பை எரிய வைக்கும்.

2. அறிந்த மக்களிடமிருந்தே தொடங்குங்கள். கோயில் திருவிழா, சாமத்தியச் சடங்கு, பாடசாலை விழா, இளைஞர் கழகம் ஆகியவையே முதற்படி. ஒரு கொப்பியில் திகதி, இடம், அழைத்தவர் பெயர், தொலைபேசி எண், கிடைத்த தொகை என்பவற்றை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் நீங்களே முந்திக்கொண்டு அவர்களுடன் பேசலாம்.

3. தொகையை முன்பே பேசி, முற்பணம் வாங்குங்கள். வாகனக் கூலியும் ஒலிபெருக்கிச் செலவும் யாருடையவை என்பதைத் தெளிவாக்குங்கள். குழுவாகச் செல்வதானால் பங்கு எவ்வளவு என்பதை எழுதி வைப்பது நட்பையும் காக்கும்.

4. கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பும் பாட்டிலும் உங்கள் பெயர், ஊர், தொடர்பு எண் இருக்கட்டும். பாட்டு எவ்வளவு தூரம் போனாலும் பாடியவர் யாரென்று தெரியாவிட்டால் அழைப்பு வராது.

5. சொந்தப் பாட்டை எழுதித் திகதியிட்டு வையுங்கள். எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அதன் பொருளாதார உரிமை ஆக்கியவரின் ஆயுட்காலம் முழுவதும், இறந்தபின் மேலும் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கப்படுகிறது. இதற்குப் பதிவு அவசியமில்லை. உரிமை முழுவதையும் எழுதித் தரும்படி யாராவது கேட்டால், விளங்கியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். அந்த உரிமை உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது.

பாட்டு ஒருவரைச் செல்வந்தராக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கோடும் நாணயத்தோடும் செய்தால், தோட்ட வருமானத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு வருமானமாக நிற்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை பாட்டிலோ வாத்தியத்திலோ ஆசை வைத்தால், முதலில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். முதற்பக்கத்தில் பாட்டும் கடைசிப் பக்கத்தில் கணக்கும் எழுதப் பழகட்டும்.