சோடாபுட்டி என்று கூப்பிடாதீர்கள்!

கரும்பலகையில் எழுதியது தெரியாமல், பக்கத்தில் இருப்பவர் நோட்டைப் பார்த்து எழுதுபவர் உங்கள் வகுப்பில் உண்டா? அவருக்குப் படிப்பில் கவனமில்லை என்று நினைக்காதீங்க. கண்ணில் குறை இருக்கலாம்.

தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் அது கிட்டப்பார்வை. கண்விழி சற்று நீளமாக வளர்ந்துவிட்டால், பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். குழிலென்ஸ் அதைச் சரியான இடத்தில் விழவைக்கும். அவ்வளவுதான் விஷயம்!

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று பார்த்தால் தூரத்து வள்ளம் எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியாது. ஆனால் மங்கலாகவே பார்த்துப் பழகியவருக்கு, எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைப்பு. அதனால் வீட்டில் சொல்லவே மாட்டார். விடியுமுன் கடலுக்குப் போகும் அப்பாவுக்கும், கருவாடு காயப்போடும் அம்மாவுக்கும் இது எப்படித் தெரியும்?

அதனால்தான் பள்ளியிலேயே சோதிக்கிறார்கள். ஹாலந்து டாக்டர் ஸ்நெல்லன் 1862-ல் உருவாக்கிய எழுத்து அட்டைதான் இதற்குக் கருவி. 6 மீட்டர் (சுமார் 20 அடி) தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் படிக்கணும். இரண்டு கண்ணாலும் படித்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, இந்தச் சோதனையைச் செய்ய ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. தமிழக அரசு 2009-ல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தது.

ஆனால் கொடுத்தால் மட்டும் போதுமா? மகாராஷ்டிராவின் புனே மாவட்டத்தில், கண்ணாடி வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் 1018 பேரை 2011-ல் மறுபடி பார்த்தார்கள். போட்டிருந்தவர்கள் 300 பேர்தான்! உடைந்துபோச்சு, மறந்துட்டேன் என்றார்கள் சிலர். கேலி பண்றாங்க என்றார்கள் சிலர்.

இலவசமாகக் கிடைத்த கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவைக்கச் செய்வது நம்ம வாய்தான். 'சோடாபுட்டி' என்று ஒரு தடவை சொன்னால், ஒருத்தர் ஒரு வருஷப் பாடத்தை இழக்கலாம்.

தெரிஞ்சுக்கோங்க:
1. கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்பது தவறு. உடம்போடு கண்ணும் வளர்வதால்தான் பவர் மாறுகிறது.
2. வருஷம் ஒரு தடவை கண்ணைச் சோதிக்கணும்.
3. கரும்பலகை தெரியலைன்னா வெட்கப்படாமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்க.

கேலியை விடுவோம்! கண்ணைக் காப்போம்!